அரைப்பேர்

ஒரு பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் ஒரு வரி பல வருடங்களாக என்னை விடுவதாக இல்லை. "கொழுந்துக்கூடை. மூங்கில், கயிறு, துணி. உயரம் 58 செ.மீ. தேயிலை கொய்யப் பயன்பட்டது. பெறப்பட்ட இடம்: தோட்ட முகாமைத்துவம்." பக்கத்தில் திகதி, என் சுருக்கொப்பம். அதை எழுதியபோது எனக்கு 26 வயது. நூதனசாலை வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மூன்று மாதமும் நானும் அதே மாதிரிக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறேன். கயிறு அழுத்திய இடத்தில் இரவு முழுக்க வலிக்கும். அந்த வலி தெரிந்த நான்தான் "தேயிலை கொய்யப் பயன்பட்டது" என்று எழுதி முடித்துவிட்டு அடுத்த பொருளைக் கையில் எடுத்தேன்.

எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கூடையை லொறியில் ஏற்றி அனுப்பியது தோட்டத்து அலுவலகம். கூடவே முத்திரை குத்திய கடிதமும் வந்தது. எனக்குக் கற்றுத்தந்த முறைப்படி, பொருளைக் கையளித்தவர் யாரோ அவர் பெயர்தான் அந்தக் கட்டத்துக்குள் வர வேண்டும். சரி, அதைத்தான் செய்தேன்.

கூடையைக் காட்சிக்கு வைத்து இரண்டாவது மாதம், டிக்கோயாப் பக்கமிருந்து பாடசாலைப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். துணைக்குச் சில தாய்மாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் யானை எலும்புக்கூட்டைப் பார்க்க ஓடிவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும், ஐம்பதைத் தாண்டியிருப்பார், கூடைக்கு முன்னால் நின்றுவிட்டார். நாங்கள் கண்ணாடிப் பெட்டி போடவில்லை, சுற்றி ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தோம். அவர் கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, கூடையை விட்டுவிட்டு அதன் தலைக்கயிற்றைப் பார்த்தார். தலையில் படுகிற இடத்தில் பச்சைக்கரைச் சேலைத் துணியைச் சுற்றித் தைத்திருந்தது. சாக்குத் தைக்கிற சணல் நூல். நெருக்கமான தையல், ஒவ்வொன்றும் சாய்வாக, மீன்முள் மாதிரி. "இது எங்க மாமியோட கூடை மிஸ்" என்றார்.

நான் நம்பவில்லை. ஒரு தோட்டத்தில் எத்தனை நூறு கூடை இருக்கும். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "இந்தத் தையல எங்க லயத்துல அவங்க ஒருத்தவங்கதான் போடுவாங்க. அவங்க இடக்கைக்காரி. மத்தவங்க தச்சா இந்தப் பக்கம் சாயும், அவங்க தச்சா அந்தப் பக்கம் சாயும். பாருங்க." பார்த்தேன். அவர் சொன்ன பக்கம்தான் சாய்ந்திருந்தது. அந்தக் கூடையை நான் அளந்திருக்கிறேன், தூசு தட்டியிருக்கிறேன், நாலு பக்கமும் படம் எடுத்திருக்கிறேன். அந்தத் தையல் முழுவதற்கும் பதிவேட்டில் நான் கொடுத்திருந்த சொல் "துணி".

"யார் பேர்ல இருக்கு இது?" என்று கேட்டார். நான் விளக்கப் பலகையில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். "தோட்டம் எப்ப மிஸ் நமக்குக் கூடை குடுத்துச்சு? நாம காசு குடுத்துத்தானே வாங்கினோம்." கோபமே இல்லாமல் சொன்னார். "நாம" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். என் பேச்சிலிருந்தே என் ஊரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அப்புறம், மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வருகிற பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்: "அப்ப இங்கயும் அரைப்பேர்தான் போட்டிருக்கீங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஆசிரியர் கூப்பிட, அவர் போய்விட்டார். மாமியின் பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. பேனா கையில் இருந்தது. கேட்கவில்லை.

பேர் விழுவது

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு அரைப்பேரை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றால் எத்தனை நாள் வேலை கணக்கில் ஏறியது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர். அந்த அளவு 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்து, காலையிலிருந்து மாலைவரை மலையில் நின்றாலும் தராசு 15 காட்டினால் அது அரைநாள். சாக்கின் எடைக்கு, இலையில் ஒட்டிய தண்ணீருக்கு என்று கழித்த பிறகு வருகிற 15. நீ முழுநாள் இருந்தாய், ஆனால் கணக்கில் பாதிதான் இருந்தாய் என்பதுதான் அரைப்பேர்.

அந்த அக்கா உவமை எதையும் தேடிச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பதிவேடு செக்ரோல், தோட்டத்தில் பேர் ஏற்றுகிற கணக்குப் புத்தகம். நூதனசாலையின் பதிவேட்டையும் அதே கண்ணால் பார்த்தார். நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. பல்கலைக்கழகத்தில் காட்சி அமைப்பு, வெளிச்சம், விளக்கப் பலகையின் எழுத்தளவு, பார்வையாளர் நடமாட்டம் என்று எவ்வளவோ படித்தோம். ஒதுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எப்படிக் காட்சியில் கொண்டுவருவது என்று கருத்தரங்கு நடத்தினோம். எல்லாமே கூடத்தைப் பற்றிய பேச்சு. என் அனுபவத்தில் அந்த வரலாறு தொலைவது கூடத்தில் அல்ல, பின்கட்டில், ஒரு மேசைமேல், பொருள் வந்திறங்கிய முதல் நாள். பதிவு இலக்கம், பொருள், மூலப்பொருள், அளவு, நிலை, பெறப்பட்ட இடம். ஆறு கட்டம். யார் செய்தது, யார் கை பட்டது, எதற்காக வைத்திருந்தார்கள், எப்போது பாவிப்பதை நிறுத்தினார்கள், ஏன் என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் கேள்வியும் இல்லை. 50 வருடம் கழித்து ஒருவர் நல்ல மனதோடு தோட்டப் பெண்களைப் பற்றிக் கண்காட்சி வைக்க நினைத்தாலும் அவருக்குக் கிடைப்பது "கூடை, மூங்கில், 58 செ.மீ." மட்டும்தான்.

கொழும்புத் தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரி காலம். அந்தத் திகதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள் நான். அதே 1877இல் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம். சோறில்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் கூட்டம் கூட்டமாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த வருடம். நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கோப்பித் தோட்டங்களை 1869இலிருந்தே இலைநோய் தின்றுகொண்டிருந்தது. அழிந்துகொண்டிருந்த பயிருக்காக நடந்துவந்தார்கள். ஒரு பக்கம் நாட்டின் அரிய பொருள்களைச் சேர்த்துவைக்க வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை. இன்னொரு பக்கம் ஒரு செம்பையும் ஒரு பிடி மண்ணையும் முடிந்துகொண்டு நடந்த சனம். இரண்டு பாடத்தையும் நான் ஒரே வருடத்தில் படித்தேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அந்த அக்கா தேவைப்பட்டார். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை 2023 ஜூலை 28இலிருந்து ஆகஸ்ட் 12வரை நடந்த நினைவு நடையின் கடைசி நாளில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். நடந்தபோது முழுக்க ஒரே யோசனைதான்: அன்று நடந்தவர்கள் மடியில் என்ன இருந்தது? யாரும் பட்டியல் எடுத்து வைக்கவில்லை. ஆள் கூட்டிவந்த கங்காணியின் கணக்கில் தலை எத்தனை, முன்பணம் எவ்வளவு என்பது மட்டும் இருந்தது.

புகை இல்லாத வீடு

வேலையை விட்டுவிட்டு மலையகத்துக்கே திரும்பி, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பொருளும் கதையும் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், அம்மாவைக் கம்பளைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கிய தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. தேயிலையைப் பற்றிய காட்சியகங்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது இயந்திரம், துரைமாரின் தளபாடம், வெள்ளிக் கேத்தல். இங்கே பழைய லயம்தான் நூதனசாலை. 10க்கு 12 அடி அறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பொருளெல்லாம் பிறகு. இதை நினைத்துச் செய்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கட்டடத்தை இடித்துவிட்டு நல்ல வீடு கட்டித்தா என்று கேட்கிற ஒரு சமூகத்துக்குள், ஒரே ஒரு லயத்தை மட்டும் சாட்சிக்கு நிறுத்திவைப்பது எளிய வேலை இல்லை.

வாசல்படியில் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். குனியாவிட்டாலும் இடிக்காது, அம்மா குள்ளம். 40 வருடப் பழக்கம், உடம்பு தானாகக் குனிகிறது. உள்ளே போய் உரல், அம்மி, கத்தி, பழைய படம் எதையும் பார்க்காமல் அடுப்பு இருக்க வேண்டிய மூலையில் போய் நின்றார். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. புகைதான் இல்ல" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, என் தங்கை பிறந்த இரவு ஈர விறகு எரியாமல் அறை முழுக்கப் புகை மூடி, மருத்துவம் பார்த்த கிழவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய கதையைச் சொன்னார். எனக்கு அப்போது 35 வயது. இந்தக் கதையை அதற்குமுன் ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. நானும் வீட்டில் கேட்டதில்லை. அறை கேட்டது, அவர் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டினோம்: "கொடுத்தவர் சொன்னது." அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். நாம் திருத்தக்கூடாது. "படங்கு" என்றால் படங்குதான், "இடுப்பில் கட்டும் சாக்குத் துணி" என்பது வேண்டுமானால் அடைப்புக்குள் வரட்டும். கவ்வாத்துக் கத்தி, கம்பளி, மட்டக்கம்பு, பிள்ளைமடுவத்துத் தொட்டில் என்று எதைக் கொண்டுவந்தாலும் முதலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பது. ஒரு நாளைக்கு மூன்று பொருளுக்குமேல் பதிய முடிவதில்லை. முன்பு நான் 40 பதிந்திருக்கிறேன்.

நுனியைப் பிடித்தபடி

எல்லோரும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தது என் அடுத்த தவறு. மஸ்கெலியாப் பக்கம் ஒரு வயதான அம்மாயி வீட்டில் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. மேலே பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அதற்குக் கீழே பழைய கூப்பன் புத்தகம், அதற்கும் கீழே பாண் சுற்றி வரும் பொலித்தீனில் மடித்த ஒரு கடதாசி. அவருடைய அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். எனக்கு நெஞ்சு படபடத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவராக்கியது. அடுத்த வருடம் வந்த சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. பெயர் ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் இருந்தாலே விண்ணப்பம் சிக்கலாகிவிடும். தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார், பதிவாளர் தனக்கு வந்த மொழியில் எழுதினார். அப்புறம் 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அதில் பேர் விழுந்த விதத்தில் அம்மாயியின் அக்கா குடும்பம் தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போனது. அவர்கள் ஏறிய ரயிலை அவர் பார்க்கவில்லை, அன்றைக்கு வேலை நாள்.

அந்தக் கடதாசியை நூதனசாலைக்குத் தர முடியுமா என்று கேட்டேன். பத்திரமாக வைப்போம், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வோம், உங்கள் பெயரும் அப்பா பெயரும் இருக்கும் என்றெல்லாம் சொன்னேன். "அத மட்டும் கேக்காத பாப்பா. யாராச்சும் வந்து கேட்டா நான் எதக் காட்டுவேன்?" என்றார். 2003இலேயே சட்டம் வந்து அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடையாள அட்டை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு வந்தவர்களைத் தெரியும். கடதாசியைப் படம் எடுக்க விட்டார், அவருடைய பாயிலேயே விரித்து. நான் எட்டுப் படம் எடுத்தேன். எட்டிலும் இடது மூலையில் அவருடைய விரல் இருக்கிறது. ஒரு நொடிகூட நுனியை விடவில்லை.

அந்த விரலை வெட்டிவிட்டுப் படத்தைப் பதிவேற்றலாம் என்றார் ஒரு நண்பர். வேண்டாம் என்றேன். கடதாசியை விட அந்த விரல்தான் 1948ஐச் சரியாகச் சொல்கிறது. மூலப்பத்திரம் இன்றும் தகரப்பெட்டியில்தான் இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் "இருக்குமிடம்" என்ற கட்டத்தில் "அவர் வீடு" என்று எழுதியிருக்கிறோம். பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் நூதனசாலை என்ற எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று.

இன்னொரு மனிதர், தப்பு அடிப்பவர். விடியக்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஆள் எழுப்ப அவருடைய தாத்தா தப்பு அடித்திருக்கிறார், அப்பா அடித்திருக்கிறார், சாவுக்கும் திருவிழாவுக்கும் இவர் அடித்தார். தப்பைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார். தோலை எப்படி இழுத்து ஒட்டுவது, நெருப்பில் எந்த அளவுக்குக் காய்ச்ச வேண்டும், இரண்டு குச்சியும் ஏன் ஒரே கனத்தில் இருக்கக்கூடாது என்று ஒன்றரை மணிநேரம் சொன்னார். கடைசியில் நான் பெயர் கேட்டபோது முகம் மாறிவிட்டது. "தப்ப வையுங்க. பேர் வேணாம் தங்கச்சி. மக கொழும்புல படிக்கிறா." அவ்வளவுதான் சொன்னார். முழுப்பேர் கொடுத்தே தீருவது என்று கிளம்பியவள் நான். துரை செய்தது மட்டும்தான் அநியாயம் என்பது மாதிரி எழுதுவது எனக்கு வசதியாக இருந்தது. லயத்துக்குள் நாங்களே ஒருவருக்கொருவர் போட்ட அரைப்பேர் உண்டு, எந்த வீட்டில் தண்ணீர் குடிப்பது எந்த வீட்டில் குடிப்பதில்லை என்று. அந்த மனிதரின் பெயரைப் போட்டால் வரலாற்றுக்கு நல்லது, அவர் மகளுக்கு நல்லதா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. பதிவேட்டில் இப்படி எழுதினேன்: "பெயர் எழுத வேண்டாம் என்றார். காரணம் சொன்னார்." வெறும் "பெயர் தெரியவில்லை" என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தராசை வையுங்க

எங்கள் சின்னக் காட்சியைத் தோட்டத்துக் கோயில் மண்டபங்களில் வைக்கத் தொடங்கியபோது, என்ன வைக்கலாம் என்று பெண்களிடமே கேட்டோம். இந்த யோசனை எனக்குச் சொந்தமானதல்ல. வொஷிங்டனில் அனகோஸ்டியா என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு பழைய சினிமாக் கொட்டகைக்குள் 1967இல் அமெரிக்காவின் தேசிய நூதனசாலை அமைப்பான ஸ்மித்சோனியன் ஒரு நூதனசாலை தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஜோன் கினார்ட். வயது 30. இறையியல் படித்தவர், சமூக வேலை செய்தவர், நூதனசாலைப் பயிற்சி எதுவும் இல்லாதவர். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் வாழ்க்கையில் தினமும் இருந்தது எலி. 1969இல் அவர் எலியைப் பற்றியே கண்காட்சி வைத்தார், உயிருள்ள எலிகளோடு. எலி எங்கிருந்து வருகிறது, குப்பை ஏன் அள்ளப்படுவதில்லை, யாரிடம் போய்க் கேட்பது என்று. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. எங்கள் சனத்தின் பெருமையைத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்: காமன் கூத்து, பாட்டு, மாரியம்மன் திருவிழா. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அவர்களை உறுத்துவது எது என்று நான் கேட்டதே இல்லை.

கேட்டபோது ஒரே பதில். "தராசை வையுங்க." நான் கூடையைச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். "கூடை எங்க வீட்லயே இருக்கு. தராசுதான் எங்க கைக்கு வந்ததே இல்ல." தராசு தோட்டத்துச் சொத்து, யாரும் தரவில்லை. கடைசியில் ஹட்டனில் பழைய இரும்புக் கடை ஒன்றில், வட்ட முகத்தோடு தொங்கவிடும் தராசு ஒன்று கிடைத்தது. முள் கொஞ்சம் வளைந்திருந்தது. மண்டபத்தில் உத்தரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு சாக்கையும் கொழுந்தையும் வைத்தோம். விளக்கப் பலகை எழுதவே இல்லை. முதல் நாள் ஒரு பெண் சாக்கைக் கொக்கியில் மாட்டினார். இன்னொருவர் கணக்கப்பிள்ளை நிற்கிற இடத்தில் போய் நின்று, முள் அசைந்து நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிச் சாக்கை இறக்கினார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு சட்டென்று அடங்கியது. மாட்டியவர் சாக்கைத் திரும்ப மாட்டி, கையை எடுத்துவிட்டு, முள் ஆடி ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். மண்டபத்தில் சத்தமில்லை. முள் நின்றது. எண்ணை அவரே வாசித்தார். 22 வருடம் வேலை செய்த அந்த அக்கா தன் கொழுந்தின் எடையைத் தானே வாசித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

ஒரு எழுத்து

பழைய கூடைக்கு வருகிறேன். அதன் முன்னால் நின்ற அந்த அக்காவைத் தேட எனக்கு ஒன்பது வருடமானது. நான் தேடவில்லை என்பதுதான் உண்மை, வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். பார்வையாளர் புத்தகத்தில் பாடசாலையின் பெயர் இருந்தது. அங்கிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து லயம். போனபோது அக்கா இல்லை, மூன்று வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அவருடைய மகள் முன்பள்ளி ஆசிரியை. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். உறை கிழிந்த இடத்தை அப்பாயி தைத்திருந்தார். மீன்முள் தையல். எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அப்பாயியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். கூடவே, பதிவேட்டிலும் பலகையிலும் எழுதுங்கள், இணையத்தில் வேண்டாம் என்றார். அதனால் இங்கே எழுதவில்லை. அவர் எந்த வருடம் வேலைக்குப் போனார், எந்த மலையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார், முறிந்தது வலது கை என்பதால் கொழுந்து எடுப்பதை விடவில்லை என்பதெல்லாம் இப்போது ஐந்து பக்கத்துக்கு இருக்கிறது.

பதிவேட்டில் அழிக்கக்கூடாது. வெள்ளை மை பூசக்கூடாது. பழைய வரி வாசிக்கும்படி இருக்க, அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதி, திகதியிட்டு ஒப்பமிட வேண்டும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் இப்போது பொறுப்பில் இருப்பவர் நல்ல மனிதர். கடிதம் எழுதியதும் வரச்சொன்னார். அக்காவின் மகளான அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். "தோட்ட முகாமைத்துவம்" என்பதன் மேல் கோடு போட்டேன். மேலே அப்பாயியின் பெயரை எழுதினேன். "துணி" என்ற இடத்திலிருந்து அம்புக்குறி போட்டு, யார் தைத்தது, எந்தக் கையால் என்று எழுதினேன். பிள்ளை மேசைக்கு மேலாகக் குனிந்து, அவருடைய அம்மா அன்று குனிந்த மாதிரியே, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"மிஸ், இதுக்கு வல்லின ற வரும். அப்பாயி அப்படித்தான் சொல்லுவாங்க. ஐடெண்டிட்டி காட்லதான் பிழையா ர போட்டிருந்தாங்க."

நான் இன்னொரு கோடு போட்டு, திகதியிட்டு, மறுபடி எழுதினேன்.